கோயம்புத்தூருக்கு டெல்லியில் ஒரு ஹால்

போன மாதக் கடைசியில் நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். திருச்சியில் இருக்கும் அம்மாவிடம் போனில் இதைச் சொன்னபோது அவள் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கையில் நாலு வயதுப் பெண், வயிற்றில் இன்னொன்று, இதில் ஓய்வாம். ராஜினாமா என்று சொன்னால் ஏதோ பாதியில் எழுந்து போவதுபோல இருக்கிறது. அதனால் எல்லோரிடமும் ஓய்வு என்றே சொல்லி வருகிறேன். அலுவலகத்திலும் அப்படியே எடுத்துக்கொண்டு சால்வை போட்டு, சமோசா வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள்.

என் இடத்துக்கு வந்திருக்கும் தேன்மொழி மதுரைப் பெண். நான் கையால் செய்த வேலையை இப்போது ஒரு ப்ரோகிராமே எழுதிக் கொடுத்துவிடுகிறது. அவள் படித்துப் பார்த்துப் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். "முன்னாடி இதை நீங்களே உக்காந்து எழுதுவீங்களாக்கா? என்ன எழுதுவீங்க?" என்று கேட்டாள். ஒரு நாள் எழுதித் தருகிறேன் என்றேன். "தமிழ்லயே எழுதுங்கக்கா. அப்பதான் ஆபீஸ்ல எவனும் தோளுக்கு மேல எட்டிப் பார்த்துப் படிக்க முடியாது" என்றாள். எனவே தமிழில் எழுதுகிறேன். இதையெல்லாம் எழுதலாமா, சம்பந்தப்பட்டவர்கள் வருத்தப்படுவார்களா என்று இரண்டு முறை யோசித்தேன். அவர்களிடமே கேட்டும் பார்த்தேன். எழுது என்றுதான் சொன்னார்கள்.

வேலை இதுதான். நம் நாட்டில் ஊருக்கு ஓர் அணியாகத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டி நடக்கிறது. அந்த அணிகளைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு வாரா வாரம் வரிசைப்படுத்தி வெளியிடும் இணையதளம் எங்களுடையது. வரிசை வெளியான உடனே அதன் அடியில் ரசிகர்கள் சண்டை போட ஆரம்பிப்பார்கள். அந்தச் சண்டைக்குப் பதில் எழுதுவது என் வேலை. பதிலின் கீழே 'வித்யா' என்று என் பெயர் இருக்கும்.

நான் படித்தது புள்ளியியல். கல்யாணமாகி டெல்லி வந்தேன். கணவர் சுரேஷுக்கு மத்திய அரசு வேலை, கிட்வாய் நகரில் குவார்ட்டர்ஸ். சரோஜினி நகர் ஸ்டேஷனில் பிங்க் லைன் மெட்ரோ ஏறினால் லாஜ்பத் நகரில் அலுவலகம். சேர்ந்த புதிதில் எனக்குக் கூடைப்பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆட்டத்தின் நடுவில் கடிகாரம் ஏன் நின்று நின்று ஓடுகிறது, பேட்டரி தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன். அந்தக் கேள்வியை வைத்து ஒரு வருடம் என்னைக் கேலி செய்தார்கள். கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான்.

எனக்கு மேலதிகாரி ஹர்ப்ரீத். லூதியானாக்காரர், என்னைவிட இரண்டு வயது இளையவர். சிறியவரை 'சார்' என்பதா, மேலதிகாரியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதா என்று முதல் வாரம் முழுக்கத் தவித்தேன். "வித்யா ஜி, நீங்க சார் சொல்றப்பல்லாம் எங்க அப்பா பின்னாடி வந்து நிக்கிறார்னு திரும்பிப் பார்க்கிறேன்" என்றார். கடைசியில் அவரும் ஜி, நானும் ஜி என்று ஆயிற்று. அவர் பேசுவது இந்திதான். நான் தமிழில் எழுதுகிறேன்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் டிராயரிலிருந்து வறுத்த கொண்டைக்கடலையை எடுத்து ஒவ்வொன்றாகத் தோலுரிப்பார். தோல் குவிந்திருந்தால் அன்றைக்கு அவரிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று அர்த்தம்.

திங்கட்கிழமை எங்களுக்குத் திருவிழா மாதிரி. முந்தைய வார ஆட்டங்களின் விவரத்தை ஒருவர் பதிய, மற்றவர் உரக்கப் படித்துச் சரிபார்ப்போம். யார் ஜெயித்தார்கள், எத்தனை புள்ளி வித்தியாசம், ஆட்டம் யாருடைய மைதானத்தில் நடந்தது. ப்ரோகிராமை ஓட்டுவதற்கு முன்னால் முதலிடத்தில் யார் வருவார்கள் என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். மனதுக்குள் ஓர் அணியை வைத்துக்கொண்டு வெளியில் நடுநிலை பேசக் கூடாது என்பதற்காக ஹர்ப்ரீத் வைத்த வழக்கம் அது. அதோடு ஒரு விதியும் உண்டு. வந்த வரிசையை யாரும் தொடக் கூடாது. உள்ளே போன விவரம் தப்பு என்றால் மட்டும், காரணத்தைப் பகிரங்கமாக எழுதிவிட்டுத் திருத்தலாம்.

பிறகு ரசிகர்களின் பதிவுகளைப் படிப்போம். ஹர்ப்ரீத் அவற்றைச் செய்தி வாசிப்பவர்போல ஏற்ற இறக்கம் இல்லாமல் உரக்கப் படிப்பார். நான் அதில் வசவை வெட்டிக்கொண்டே வர வேண்டும். எல்லா வசவும் போன பிறகு கேள்வி ஏதாவது மிஞ்சினால் பதில் எழுத வேண்டும். ஒன்றும் மிஞ்சாவிட்டால் அப்படியே விட்டுவிட வேண்டும்.

ஒருவர் எழுதியிருந்தார்: உங்கள் கம்ப்யூட்டரை யமுனையில் தூக்கிப் போடுங்கள், அதில் கணக்குப் போட்டவனையும் சேர்த்துப் போடுங்கள், எங்கள் அணி இந்த வாரம் ஆடவே இல்லை, பிறகு எப்படி ஓரிடம் கீழே இறங்கியது? யமுனையைக் கழித்தால் நல்ல கேள்வி மிஞ்சியது. ஆடாத அணி எப்படி இறங்கும்? அரை நாள் யோசித்தேன். எங்கள் காலனியில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எழுதினேன். குவார்ட்டர்ஸுக்கு விண்ணப்பித்துவிட்டு நாம் வீட்டில் சும்மா இருக்கிறோம். மாற்றலாகி வந்த ஒரு சீனியர் வரிசையில் சேர்கிறார். நாம் ஒரு தப்பும் செய்யவில்லை, ஆனால் ஓரிடம் பின்னால் போய்விட்டோம். அந்த ஆள் பதில் போட்டார்: "புரிந்தது மேடம் ஜி. ஆனால் யமுனை விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்."

அன்று அந்த வேலையை எனக்குப் பிடித்துப் போயிற்று.

கர்ப்பமானேன், விடுப்பில் போனேன், நிலா பிறந்தாள். அவளைக் காலனி கிரெஷ்ஷில் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிய முதல் மாதங்களில் நான் பட்ட பாட்டைத் தேன்மொழிக்குச் சொல்லிப் பயமுறுத்த விரும்பவில்லை. குழந்தை பால் குடித்தாளா, ஏன் இன்றைக்கு அழவில்லை, அழாமல் இருந்தால் அதுவும் உடம்புக்கு ஆகாதோ என்று மணிக்கொரு தரம் போன் செய்வேன். கிரெஷ் பெண்மணி போனை எடுத்ததும் "டீக் ஹை", நன்றாக இருக்கிறாள் என்பாள், வைத்துவிடுவாள். ஆனாலும் திங்கட்கிழமைச் சண்டையின் நடுவில் இருக்கும்போது மட்டும் நான் போன் செய்ய மறந்துவிடுவேன். அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இந்த வேலையை விடக் கூடாது என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

அந்தக் குளிர்காலத்தில்தான் எங்கள் மிகப் பெரிய வழக்கு வந்தது.

லூதியானா அணியின் ஹாலில் மரத் தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் அவர்கள் தங்கள் ஊரில் ஆட வேண்டிய சில ஆட்டங்களை டெல்லிக்கு மாற்றினார்கள். அதில் ஒன்று கோயம்புத்தூருக்கு எதிரானது. கோயம்புத்தூர் முதலிடம், லூதியானா இரண்டாமிடம் என்று இருந்த நேரம்.

எங்கள் மாடிக்கு மேல் மாடியில் பழனிச்சாமி அண்ணன் இருக்கிறார். ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர், ஊர் பொள்ளாச்சிப் பக்கம். ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்னாலிருந்தே அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. கைக்குழந்தையை அந்தச் சத்தத்துக்குக் கூட்டிக்கொண்டு வரமுடியாது என்று நான் சொன்னேன். வரலாமோ என்றும் மனதுக்குள் இருந்தது. அண்ணன் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"அம்மிணி, பாப்பா காதுல பஞ்சு வெச்சுக்கலாமுங்க. நம்மூர் டீம் டெல்லி வரைக்கும் வருது. நாம போகலீன்னா அதுகளுக்கு யாரு இருக்கறாங்க?"

பஞ்சு வைத்தேன். அதற்கு மேல் குல்லா, அதற்கு மேல் சால்வை. சுரேஷ் பையைத் தூக்கிக்கொண்டு, "ரெண்டு மணி நேரத்துக்குப் போறமா, குடி மாத்திக்கிட்டுப் போறமா?" என்றார்.

யாரும் இருக்க மாட்டார்கள் என்று அண்ணன் சொன்னது சுத்தப் பொய். கிட்வாய் நகர் முழுக்க அங்கே இருந்தது. மோதி பாக்கிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாத்தியாரோடு வந்திருந்தார்கள். சரோஜினி நகர் மார்க்கெட்டில் துணிக்கடைகளில் வேலை பார்க்கும் பையன்கள் கடையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். கட்டட வேலை செய்கிற குடும்பங்கள் பட்டாணிச் சுண்டல் கட்டிக்கொண்டு வந்திருந்தன. கொங்கு நாட்டுக் கோயில் ஊர்வலங்களில் அடிக்கிற ஜமாப்பு மேளத்தை எங்கிருந்தோ பிடித்துக் கொண்டுவந்துவிட்டார் அண்ணன். லூதியானாவிலிருந்து ரசிகர்களை ஏற்றி வந்த பஸ்கள் கர்னால் பக்கம் மூடுபனியில் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டன. அவர்கள் தரப்பில் ஒரு மூலையில் கொஞ்சம் பேர் தலைப்பாகையோடு உட்கார்ந்து, இது எந்த ஊர் என்று புரியாமல் சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டம் கடைசி வினாடிகளுக்கு வந்தபோது கோயம்புத்தூர் இரண்டு புள்ளி பின்னால். எதிரணி தவறு செய்ததால் எங்கள் ஆளுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. குறுக்கே யாரும் நிற்காமல், கோட்டில் நின்று நிதானமாகக் கூடையில் போடுகிற வீச்சு அது. ஒன்றுக்கு ஒரு புள்ளி. இரண்டும் விழுந்தால் சமன். முதல் பந்து விழுந்தது. இரண்டாவது பந்து இரும்பு வளையத்தில் பட்டுத் தெறித்தது. லூதியானா ஒரு புள்ளியில் ஜெயித்தது.

அந்தச் சமயத்தில்தான் நிலா வீறிட்டு அழுதாள். அழுதது பந்து போவதற்கு முன்னாலா, பின்னாலா என்று எனக்குத் தெரியவில்லை. பால் பாட்டில் கீழே உருண்டு போனது மட்டும் நினைவிருக்கிறது. முன் வரிசைக்காரர்கள் மெதுவாகத் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். அந்த அழுகையில்தான் பந்து தவறியது என்பதுபோல ஒரு பார்வை. வாய்விட்டுத் திட்டியிருந்தால் தேவலை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சுரேஷ், "நம்ம பொண்ணு லூதியானா கட்சி போல" என்று சிரித்துக்கொண்டே வந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோட்டில் நின்ற அந்தப் பையனின் அம்மா எங்கோ டிவியில் பார்த்துக்கொண்டிருந்திருப்பாளே என்று இருந்தது.

திங்கட்கிழமை வரிசை வந்தது. தோற்ற கோயம்புத்தூர் அதே முதலிடத்தில். ஜெயித்த லூதியானா அதே இரண்டாமிடத்தில்.

காரணம் எளிது. சொந்த மைதானத்தில் ஆடுவது நம் பள்ளிக்கூடத்திலேயே பரீட்சை எழுதுவது மாதிரி. பெஞ்சு தெரியும், வெளிச்சம் தெரியும், ஜனமும் நம் ஜனம். அதனால் சொந்த மைதானத்தில் வாங்கும் வெற்றியில் கம்ப்யூட்டர் கொஞ்சம் கழித்துக்கொள்ளும், வெளியில் வாங்கும் வெற்றிக்குக் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கும். போட்டி அட்டவணையில் இது லூதியானாவின் சொந்த ஆட்டம். சொந்த ஹாலில் ஒரே ஒரு புள்ளியில்தானா ஜெயித்தாய் என்று கம்ப்யூட்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அன்று வந்து விழுந்தவற்றைப் படிக்க ஹர்ப்ரீத்துக்கு இரண்டு தம்ளர் தண்ணீர் வேண்டியிருந்தது. லூதியானா ரசிகர்களில் 'டிராக்டர்வாலா' என்ற பெயரில் எழுதுபவர் ஒருவர் உண்டு. அவர் அந்த மூலையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவராம். வசவெல்லாம் வெட்டிய பிறகு அவர் கேள்வி இப்படி மிஞ்சியது: "மேடம் ஜி, நானும் அங்கே இருந்தேன். என் காது இன்னும் அடைத்துக் கிடக்கிறது. அது எங்கள் வீடு என்றால் வீட்டில் எங்களுக்கு ஏன் உட்கார இடம் இல்லை?" அடுத்த பதிவில் வெட்டுவதற்கு எதுவும் இல்லை. ஒரே வரி. "கீழே கையெழுத்துப் போடுகிற பெண் மதராஸி, அதைப் பார்த்தாலே விடை தெரிகிறது."

தமிழ் ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? அட்டவணையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் சட்டம் என்றார்கள். அதையே அவர்களில் பாதிப் பேர், டெல்லியில் நாங்கள் ஹாலையே அதிரவைத்தோம் என்ற பெருமையோடு சேர்த்து எழுதினார்கள். ஹாலை அதிரவைத்தது உண்மையானால் அது எங்கள் வீடு ஆகிவிடும், வீட்டில் தோற்றால் முதலிடம் போய்விடும் என்பது அவர்களுக்கு இன்னும் உறைக்கவில்லை. டிராக்டர்வாலாவுக்கு உறைத்துவிட்டது. மேளம் அடித்தவர்கள் ஒவ்வொருவராகக் கையைத் தூக்குங்கள் என்று எழுதினார். அப்பாவிகள், தூக்கினார்கள். பழனிச்சாமி அண்ணன் முதல் ஆளாகத் தூக்கினார், போட்டோவோடு.

மதியம் குருகிராமிலிருந்து முதலாளி போன் செய்தார். பக்கச்சார்பு என்ற பேச்சு விளம்பரம் தருபவர்கள் காதுக்குப் போய்விட்டதாம். அடுத்த திங்கட்கிழமைக்குள் இது அடங்காவிட்டால் ரசிகர்கள் எழுதும் பகுதியையே மூடிவிடச் சொன்னார். அந்தப் பகுதி மூடினால் அதற்குப் பதில் எழுதுகிற எனக்கு அங்கே என்ன வேலை? ஹர்ப்ரீத் டிராயரைத் திறந்தார். கடலைத் தோல் குவிந்துகொண்டே போனது.

இந்த வழக்கிலிருந்து நான் விலகிக்கொள்கிறேன் என்றேன். நான் தமிழ்ப் பெண், போதாததற்கு அந்த ஹாலில் வேறு இருந்தேன்.

"நான் லூதியானா. அப்போ நானும் விலகணும்" என்றார் ஹர்ப்ரீத். "மிச்சம் டீ கொண்டு வர்ற பையா ஒருத்தர்தான். அவர் கிரிக்கெட் மட்டும்தான் பார்ப்பார்."

அப்படியானால் முடிவை இருவரும் சேர்ந்து எடுத்து இருவரும் கையெழுத்துப் போடுவது என்று தீர்மானித்தோம். எங்கள் ப்ரோகிராம் ஓர் ஆட்டத்தை மூன்று விதமாகத்தான் எடுத்துக்கொள்ளும். இவர்கள் வீடு, அவர்கள் வீடு, அல்லது பொது இடம். எதைப் போடுவது?

அங்கேதான் நாங்கள் ஒரு விசித்திரமான சிக்கலில் மாட்டிக்கொண்டோம். எனக்கு என் ஊர்ப் பக்கம் சாய்ந்துவிடுவேனோ என்று பயம். அதனால் அது கோயம்புத்தூரின் வீடுதான், எங்களுக்கே குறைத்துவிடுங்கள் என்று வாதாடினேன். அவருக்குத் தன் ஊர்ப் பக்கம் சாய்ந்துவிடுவோமோ என்று பயம். அதனால் அட்டவணைப்படி அது லூதியானாவின் வீடுதான், எங்களுக்கே குறையட்டும் என்று வாதாடினார். மூன்று நாள் இப்படியே போயிற்று. பஸ் ஏறும்போது நீங்கள் முதலில், நீங்கள் முதலில் என்று இரண்டு பேர் படியை மறித்துக்கொண்டு நிற்பார்களே, அந்த மாதிரி. பொது இடம் என்று போட்டுத் தப்பித்துவிடலாமா என்றும் பார்த்தோம். இரண்டு பக்கத்துக்கும் பயந்து நடுவில் நிற்பதும் ஒரு பொய்தானே என்றார் அவர். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அந்த வியாழக்கிழமை நிலாவுக்குத் தடுப்பூசி. அவளை நேராக அலுவலகத்துக்கே தூக்கிக்கொண்டு போகும்படி ஆயிற்று. ஊசி போட்ட கோபத்தில் வந்து இறங்கியதிலிருந்து ஒரே அழுகை. ஹர்ப்ரீத் தன் காதில் மாட்டும் ஹெட்போனை விளையாடக் கொடுத்துப் பார்த்தார். அதன் வயரைப் பிடித்துக்கொண்டே, "வித்யா ஜி, நாம இத்தனை நாளா ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்துச் சண்டை போடறோம். ஒரு தடவை கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டுப் பார்ப்போமா?" என்றார்.

அவர் சின்ன வயதில் பள்ளி அணியில் ஆடியவர். வீட்டையும் வெளியையும் காதிலேயே கண்டுபிடிக்கலாம் என்றார். ஃப்ரீ த்ரோ போடும்போது வெளியூர் ஆளாக இருந்தால் ஹாலே ஊளையிடும், கவனத்தைக் கலைக்க. சொந்த ஆள் என்றால் அதே ஹால் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும்.

ஆட்டத்தின் வீடியோவைப் போட்டார். திரையை ஒரு பழைய நாளிதழால் மூடினார். ஒலி மட்டும் வந்தது. வர்ணனையாளர் குரலை வைத்து, இப்போது யாருடைய வீச்சு என்று ஹர்ப்ரீத் சொல்வார். லூதியானா வீச்சு வந்தது. மேளம், விசில், தகரத்தைத் தட்டும் ஓசை, நடுவில் பழனிச்சாமி அண்ணனின் குரல்கூடத் தெளிவாகக் கேட்டது. கோயம்புத்தூர் வீச்சு வந்தது. யாரோ கம்பளியைப் போட்டு மூடியதுபோல ஹால் அடங்கியது. ஒவ்வொரு முறையும் அப்படியே. எனக்கு விடை தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும் கடைசி வரை கேட்போம் என்றார்.

கடைசி வீச்சு. அமைதி. பந்தைத் தரையில் தட்டும் சத்தம், பிறகு அதுவும் இல்லை.

டங்.

அது லூதியானாவின் வீடாக இருந்திருந்தால் அந்த டங் சத்தத்தோடு கூரை பறந்திருக்க வேண்டும். ஆட்டமே அவர்களுக்கு வந்துவிட்டதே. ஒன்றும் இல்லை. ஹால் முழுக்க ஒருவரும் மூச்சு விடவில்லை. அந்த மௌனத்தின் நடுவில், தனியாக, ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

"அது என் பொண்ணு" என்றேன்.

"எல்லாக் குழந்தையும் அப்படித்தானே அழும்?"

"இல்ல ஜி. இது பசி அழுகை இல்ல, தூக்க அழுகையும் இல்ல. பாட்டில் கைய விட்டுப் போன அழுகை."

ஹர்ப்ரீத் என்னைப் பார்த்தார். மடியில் இருந்த நிலாவையும் பார்த்தார். அவள் ஹெட்போன் வயரைச் சப்பிக்கொண்டிருந்தாள். நான் மறுபடி போடச் சொன்னேன். மறுபடி. இன்னொரு தடவை. அது யாருடைய வீடு என்று உறுதிப்படுத்திக்கொள்ள அவர் போட்டார். நான் கேட்டது வேறு. முதலில் டங். அதற்குப் பிறகுதான் அழுகை. ஒவ்வொரு தடவையும் டங்தான் முதலில். பந்து தெறித்ததைப் பார்த்து நான் அதிர்ந்ததில் பாட்டில் விழுந்திருக்கிறது, பாட்டில் விழுந்ததால் அவள் அழுதிருக்கிறாள்.

அந்த நாற்காலியிலேயே எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. ஹர்ப்ரீத் பதறிப்போய்க் கடலையை நீட்டினார்.

அன்று மாலையே எழுதினேன். அந்த ஆட்டத்தைக் கோயம்புத்தூரின் சொந்த மைதான ஆட்டமாகத் திருத்துகிறோம். லூதியானா முதலிடம், கோயம்புத்தூர் இரண்டாமிடம். ஊர்க்காரர்கள் தங்கள் ஆளுக்காக மட்டுமே அப்படி மௌனமாக இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள் என்று அந்தக் கடைசி ஒலித்துண்டை இணைத்தேன். அழுகிற குழந்தை என்னுடையது, அந்த ஹாலில் நானும் இருந்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதினேன். எழுதிவிட்டு, கடைசி வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "இருக்கட்டும். அந்த வரிக்காகத்தான் மத்ததை நம்புவாங்க" என்றார் ஹர்ப்ரீத். கீழே இரண்டு பெயர், கிட்வாய் நகர் என்று ஒன்றும் லூதியானா என்று ஒன்றும் ஊரோடு போட்டோம்.

தமிழ் ரசிகர்கள் முதலில் கொதித்தார்கள். நம் பெண்ணே நம்மைக் கவிழ்த்துவிட்டாள் என்றார்கள். பிறகு ஒலித்துண்டைக் கேட்க ஆரம்பித்தார்கள். அந்த மௌனத்தில் தாங்களும் இருந்தோம் என்று ஒவ்வொருவராக எழுதினார்கள். நான் இடது பக்கம் இருந்தேன், நான் குழந்தைக்கு முன் வரிசை, திரும்பிப் பார்த்தவன் நான்தான், மன்னிக்கவும் அக்கா, என்று ஒருவர். அதற்கு மேல் சண்டை போட யாருக்கும் மனம் வரவில்லை.

பழனிச்சாமி அண்ணனைப் பார்க்க எனக்குப் பயம். மாடிப்படியில் இரண்டு நாள் சத்தமில்லாமல் ஏறி இறங்கினேன். மூன்றாம் நாள் பிடித்துவிட்டார்.

"ரேங்க் போச்சுங்க அம்மிணி" என்றார். அப்புறம் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டார். "போனாப் போவுது விடுங்க. இந்த ஊர்ல ஒரு குவார்ட்டர்ஸ் வாங்க நான் எத்தன வருசம் லைன்ல நின்னனுங்க தெரியுமா? ஒரு முழு ஹால அலாட்மென்ட்டே இல்லாம எங்க பேர்ல எழுதிக் குடுத்துப்போட்டீங்க."

டிராக்டர்வாலா குழந்தையின் சட்டை அளவு கேட்டு எழுதினார். லூதியானாவில் அவருக்கு ஸ்வெட்டர் பின்னும் சின்ன ஆலை இருக்கிறதாம். வாங்கலாமா கூடாதா என்று நான் ஹர்ப்ரீத்தைப் போட்டுக் குடைந்தேன். போட்டிகள் முடியும் வரை அலுவலக அலமாரியிலேயே இருக்கட்டும் என்று அவர் தீர்ப்புச் சொன்னார். மஞ்சள் நிறத்தில் நல்ல கனமான ஸ்வெட்டர். வளருகிற பிள்ளை என்று நான் அளவை ஒரு சுற்றுப் பெரிதாகவே சொல்லியிருந்தேன். அதனால் அடுத்த குளிருக்குக் கச்சிதமாக இருந்தது.

ரசிகர்கள் பகுதியை முதலாளி மூடவில்லை. நானும் அதன் பிறகு மூன்று வருடத்துக்கு மேல் அங்கே இருந்தேன். தேன்மொழி, உன் ப்ரோகிராம் நன்றாகத்தான் எழுதுகிறது. நான் பார்த்தேன். வசவையும் என்னைவிட வேகமாக வெட்டுகிறது. அதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் சந்தேகமாக இருக்கும் நாளில் திரையை நாளிதழால் மூடிவிட்டு ஒரு தடவை காதால் கேட்டுப் பார். அது மட்டும் உன் கையில் இருக்கட்டும்.

ஓய்வு பெற்ற பிறகு வந்த சனிக்கிழமை கோயம்புத்தூர் மறுபடி டெல்லி வந்தது. இந்த முறை டெல்லி அணியோடு ஆட்டம், சட்டப்படி டெல்லியின் வீடு. அண்ணன் மேளத்தோடு வந்திருந்தார். நிலா என் பக்கத்தில் நாற்காலி மேல் ஏறி நின்றாள். அவளுக்குத் தமிழ் அரைகுறை, இந்தி தண்ணீர்பட்ட பாடு. கோயம்புத்தூர் ஆள் ஒருவர் ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு வந்தார். எங்கள் பக்கத்தில் மேளம் நின்றது, பேச்சு நின்றது. விழ வேண்டுமே, விழ வேண்டுமே என்று நான் என்னையறியாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு சின்னக் கை வந்து என் வாயைப் பொத்தியது.

"அம்மா, சுப். நம்ம அண்ணா போடறாங்க."

அந்தக் கைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். டங் கேட்கவில்லை.